அரைச் சுற்றில் பிறக்கும் சமாந்தரம்

இரண்டு நேர்கோடுகள் சமாந்தரம் என்று ஒரு பிள்ளை எழுதும்போது, தன் தாளுக்கு அப்பால், யாரும் போய்ப் பார்க்க முடியாத தூரத்தைப் பற்றியும் உறுதி சொல்கிறது. ஒரே தளத்தில் கிடக்கும் இரண்டு கோடுகளை இரு திசையிலும் எவ்வளவு நீட்டினாலும் அவை சந்திக்கமாட்டா என்பதுதான் சமாந்தரத்தின் வரைவிலக்கணம். தாளின் ஓரம்வரை பார்க்கலாம். மேசையின் ஓரம்வரை அடிமட்டத்தை நீட்டலாம். அதற்கு மேல் கண் உதவாது. செங்கலடிப் பக்கத்து ரயில் கடவையில் நின்று வந்தாறுமூலைத் திசையில் பார்த்தால், இரண்டு தண்டவாளங்களும் தொலைவில் ஒட்டிக்கொள்வதுபோலத் தெரியும். பாதையைப் பராமரிப்பவர்கள் அந்தத் தோற்றத்தை நம்புவதில்லை. தண்டவாளங்களுக்கு இடையே 1,676 மில்லிமீற்றர் இருக்கிறதா என்று இடத்துக்கு இடம் அளந்து பார்க்கிறார்கள். ஆனால் முடிவில்லாமல் நீளும் கோட்டை இடத்துக்கு இடம் அளந்து முடிக்க யாராலும் இயலாது. அப்படியிருக்க, பரீட்சை மண்டபத்தில் ஒரு பேனையுடன் உட்கார்ந்திருக்கும் பதினாறு வயதுப் பிள்ளை எந்தத் துணிவில் "ஆகவே இவை சமாந்தரம்" என்று எழுதுகிறது?

அந்தத் துணிவு ஒரு முக்கோணியிலிருந்து வருகிறது. முக்கோணிக்குள் நடக்கும் ஒரேயொரு அசைவிலிருந்து வருகிறது என்றே சொல்வேன்.

இலங்கையில் தரம் 11 கணிதத்தில் நடுப்புள்ளித் தேற்றம் வருகிறது. முக்கோணியொன்றின் இரண்டு பக்கங்களின் நடுப்புள்ளிகளைத் தொடுக்கும் கோடு மூன்றாம் பக்கத்துக்குச் சமாந்தரமாகவும், நீளத்தில் அதன் அரைவாசியாகவும் இருக்கும் என்பது தேற்றம். செங்கலடியில் பள்ளி விட்டு ரியூசனுக்குப் போகும் எந்தப் பிள்ளையும் இதை ஒப்பிக்கும். நிறுவச் சொன்னால்தான் தயக்கம். க.பொ.த. சாதாரண தரக் கணிதத்தின் இரண்டாம் வினாத்தாளில் பன்னிரண்டு வினாக்களில் பத்துக்கு விடை எழுதவேண்டும், பகுதிக்கு ஐந்து வீதம். ஆறில் ஒன்றை விடலாம் என்றதும் நிறுவல் வினாவை விட்டுவிடும் பிள்ளைகள் பலர். விடாமல் எழுதுகிறவர்களிலும் ஒரு சாரார் ஒரு வட்டத்துக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். கோடுகள் சமாந்தரம், ஆகவே ஒத்த கோணங்கள் சமம் என்று முதலில் எழுதுவார்கள். ஒத்த கோணங்கள் சமம், ஆகவே கோடுகள் சமாந்தரம் என்று அடுத்த வரியில் முடிப்பார்கள். நிறுவவேண்டியதையே தரவாக எடுத்தாகிவிட்டது.

இந்தத் தவறைக் கவனக்குறைவு என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. இரண்டு வரிகளும் தனித்தனியே உண்மையானவை. முதல் வரி ஒரு தேற்றம், இரண்டாவது அதன் மறுதலை. சமாந்தரம் தெரிந்தால் கோணத்துக்குப் போவது ஒரு பயணம், கோணம் தெரிந்தால் சமாந்தரத்துக்குப் போவது எதிர்ப்பயணம். முக்கோணியில் சமாந்தரத்தை நிறுவும் வினா எதுவாக இருந்தாலும் நமக்கு வேண்டியது எதிர்ப்பயணம் மட்டுமே. கைக்கு எட்டும் ஒன்றிலிருந்து, அதாவது ஒரு கோணத்திலிருந்தோ நீளத்திலிருந்தோ பரப்பளவிலிருந்தோ, கைக்கு எட்டாத முடிவிலியைப் பற்றிப் பேசவேண்டும். எது தரவு, எது நிறுவவேண்டியது என்று தாளின் தலையில் இரண்டு வரியாக எழுதிவிட்டுத் தொடங்கும் பழைய வழக்கத்தை நல்ல ஆசிரியர்கள் விடாமல் வைத்திருப்பது இதனால்தான்.

நிறுவலை ஒருமுறை முழுமையாகப் பார்ப்போம். கசத என்பது முக்கோணி. கச என்ற பக்கத்தின் நடுப்புள்ளி ப. கத என்ற பக்கத்தின் நடுப்புள்ளி ம. ப, ம இரண்டையும் தொடுத்து, அந்தக் கோட்டை மவுக்கு அப்பாலும் நீட்டி, பம எவ்வளவோ அதே நீளத்தில் வ என்ற புள்ளியைக் குறிக்கிறோம். பின்பு வ, த இரண்டையும் தொடுக்கிறோம். அமைப்பு இவ்வளவுதான். இப்போது கபம, தவம என்ற இரண்டு சிறிய முக்கோணிகளைப் பாருங்கள். கம, மத இரண்டும் சமம், ஏனென்றால் ம நடுப்புள்ளி. பம, மவ இரண்டும் சமம், அப்படித்தான் வரைந்தோம். மவில் உள்ளவை குத்தெதிர்க் கோணங்கள், ஆகவே சமம். பக்கம், கோணம், பக்கம் என்று மூன்றும் பொருந்துவதால் முக்கோணிகள் ஒருங்கிசைகின்றன. அதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, கப என்ற நீளமும் தவ என்ற நீளமும் சமம். இரண்டாவது, கவில் உள்ள கோணமும் தவில் உள்ள கோணமும் சமம். அவை ஒன்றுவிட்ட கோணங்கள். ஆகவே கச என்ற கோடும் தவ என்ற கோடும் சமாந்தரம்.

இனி பசதவ என்ற நாற்பக்கலைப் பாருங்கள். பச என்பது கபவுக்குச் சமம், கப என்பது தவவுக்குச் சமம். ஆகவே இந்த நாற்பக்கலில் ஒரு சோடி எதிர்ப்பக்கங்கள் சமமாகவும் சமாந்தரமாகவும் இருக்கின்றன. அப்படியென்றால் அது இணைகரம். இணைகரத்தின் மற்றச் சோடியும் சமம், சமாந்தரம். பவ என்ற கோடு சதவுக்குச் சமாந்தரம், நீளமும் சமம். பம அதில் பாதி. நிறுவல் முடிந்தது.

பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு, அது மிக நியாயமானது: கோட்டை நீட்டிப் பார்க்கவேண்டும் என்று எப்படித் தோன்றும்? வினாவில் இல்லாத வ எங்கிருந்து வந்தது? இதற்கு "பழகப் பழக வரும்" என்ற பதில் போதாது. ஊடுதெரியும் மெல்லிய தாளொன்றில் கபம என்ற சிறிய முக்கோணியைப் பிரதி எடுங்கள். மவில் ஒரு குண்டூசியைக் குத்துங்கள். தாளை 180 பாகை, அதாவது அரைச் சுற்றுச் சுற்றுங்கள். க போய்த் தவின்மேல் விழும். ப போய் வவின்மேல் விழும். வ எங்கிருந்தும் வரவழைக்கப்பட்ட புள்ளியல்ல, பவின் அரைச் சுற்று நிழல் அது. கோட்டை அதே அளவு நீட்டும் அந்த மாயம்போன்ற அமைப்பு, ஒரு நடுப்புள்ளியைச் சுற்றி உருவத்தைத் திருப்புவது மட்டுமே. தரம் 8, 9 அளவிலேயே சுழற்சிச் சமச்சீரைத் தாள் வெட்டி விளையாடிப் படித்த பிள்ளைக்கு இது புதிதல்ல. அந்த விளையாட்டையும் இந்த நிறுவலையும் சேர்த்துக் காட்டாமல் விடுவது பெரிய இழப்பு என்று நினைக்கிறேன்.

அந்த அரைச் சுற்று ஏன் எப்போதும் சமாந்தரத்தைத் தருகிறது என்று கேட்டால் விடை இன்னும் அழகாக வருகிறது. ஒரு நேர்கோட்டை எடுத்து, அதன்மேல் இல்லாத ஒரு புள்ளியைச் சுற்றி அரைச் சுற்றுத் திருப்புங்கள். புதிதாக இன்னொரு கோடு கிடைக்கிறது. இரண்டும் எங்கேயோ ஓரிடத்தில் சந்திக்கின்றன என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இந்தத் திருப்பல் முதற்கோட்டை இரண்டாவதின் இடத்துக்கும் இரண்டாவதை முதலாவதின் இடத்துக்கும் மாற்றுகிறது. ஆகவே சந்திக்கும் புள்ளியைத் திருப்பினால் அது விழும் இடமும் இரண்டு கோடுகளிலும் இருக்கவேண்டும். அரைச் சுற்றில் இடம் மாறாத புள்ளி குண்டூசி குத்திய புள்ளி ஒன்றுதான், அது கோட்டில் இல்லை. எனவே இரண்டாவது சந்திப்பு முதல் சந்திப்பிலிருந்து வேறான புள்ளி. இரண்டு வேறு நேர்கோடுகள் இரண்டு இடங்களில் வெட்டிக்கொள்ள முடியாது. இரண்டு புள்ளிகளுக்கூடாக ஒரே ஒரு நேர்கோடுதானே போகும். சந்திக்கின்றன என்று வைத்துக்கொண்டதே பிழை. முடிவிலிவரை நடந்து பார்க்கத் தேவையில்லாமல், இருந்த இடத்திலிருந்தே முடிவிலியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது.

ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்ற நிபந்தனையும் இதைத்தான் வேறு உடையில் சொல்கிறது. இரண்டு கோடுகளை ஒரு குறுக்கோடி வெட்டி, ஒன்றுவிட்ட கோணங்கள் சமமாக இருந்தால், வெட்டும் புள்ளிகளுக்கு நடுவே குண்டூசியைக் குத்தி அரைச் சுற்றுத் திருப்புங்கள், ஒரு கோடு மற்றதன்மேல் சரியாகப் படியும். ஒத்த கோணங்கள் சமம் என்றாலும், நேயக் கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகை என்றாலும், ஒரு குத்தெதிர்க் கோணமோ நேர்கோட்டுக் கோணமோ பார்த்தவுடன் ஒன்றுவிட்ட கோணங்களுக்கே வந்துசேர்கிறோம். மூலைமட்டத்தை அடிமட்டத்தோடு சறுக்கிச் சமாந்தரக் கோடு வரையும் பள்ளிப் பழக்கத்துக்கும் இதுதான் அடிப்படை.

கிறிஸ்துவுக்கு முன் 300ஆம் ஆண்டளவில் யூக்கிளிட் எழுதிய 'மூலகங்கள்' நூலின் முதற் புத்தகத்தில் 27ஆம் கூற்று, ஒன்றுவிட்ட கோணங்கள் சமமானால் கோடுகள் சமாந்தரம் என்று நிறுவுகிறது. அவர் போகும் பாதை வேறு: கோடுகள் சந்தித்தால் ஒரு முக்கோணி உருவாகும், அதன் புறக்கோணம் உள்ளெதிர்க் கோணமொன்றுக்குச் சமமாகிவிடும், ஆனால் புறக்கோணம் எப்போதும் உள்ளெதிர்க் கோணத்தைவிடப் பெரியது, ஆகவே அப்படியொரு முக்கோணி இருக்க முடியாது. புறக்கோணம் பெரியது என்பதை 16ஆம் கூற்றில் எப்படி நிறுவினார் என்று புரட்டிப் பாருங்கள். ஒரு பக்கத்தின் நடுப்புள்ளியை எடுக்கிறார், உச்சியிலிருந்து அதற்கு ஒரு கோடு இழுக்கிறார், அதே அளவு அப்பால் நீட்டுகிறார். நடுப்புள்ளித் தேற்றத்தில் நாம் செய்த அதே வேலை. இருபத்து மூன்று நூற்றாண்டுகளாகச் சமாந்தரத்தின் அடியில் இந்த ஒரே அசைவு இருந்துகொண்டிருக்கிறது.

இனி தாளை வைத்துவிட்டு வெளியே வருவோம். மட்டக்களப்பு வாவியின் வட அந்தம் செங்கலடிக்குப் பக்கத்தில், பன்குடாவெளிப் பகுதியில் இருக்கிறது. அங்கிருந்து கல்முனைப் பக்கம்வரை 50 கிலோமீற்றருக்கு மேல் தெற்கே நீள்கிறது அது. கரை நேராக இல்லை, உள்வாங்கியும் வெளித்தள்ளியும் போகும். கரை உள்வாங்கிய ஓரிடத்தில், நீருக்கு இப்பக்கத்து மரம் ச, அப்பக்கத்து மரம் த. இடையே உள்ள தூரத்தைத் தண்ணீரில் இறங்காமல் அறியவேண்டும். இரண்டு மரமும் தெரிகிற, இரண்டுக்கும் நடந்தே போகக்கூடிய ஓரிடத்தில் க என்ற முளையை அடிக்கிறோம். சவிலிருந்து கவுக்கு நடந்து, அதே நேர்கோட்டில் அதே தூரம் அப்பாலும் போய் ஒரு முளை. தவிலிருந்தும் அப்படியே கவைத் தாண்டிப் போய் ஒரு முளை. கவைச் சுற்றி முழு உருவத்தையும் அரைச் சுற்றுத் திருப்பியிருக்கிறோம். புதிய முளைகள் இரண்டுக்கும் இடையே உள்ள தூரம், நீருக்கு மேலே உள்ள தூரத்துக்குச் சமம், திசையும் சமாந்தரம்.

பின்பக்கம் வேலியோ வயலோ இருந்து அவ்வளவு நிலம் கிடைக்காவிட்டால் நடுப்புள்ளித் தேற்றம் கைகொடுக்கும். கச 120 மீற்றர், கத 90 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். கவிலிருந்து ஒரு கயிற்றில் 60 மீற்றரிலும் மற்றதில் 45 மீற்றரிலும் முளை அடித்து, முளைகளுக்கு இடையே அளந்தால் 70 மீற்றர் வருகிறது என்றால், மரங்களுக்கு இடையே 140 மீற்றர். இன்னும் இடம் குறைவென்றால் காற்பங்கில், 30 மீற்றரிலும் 22.5 மீற்றரிலும் அடிக்கலாம். 35 மீற்றர் வரும், நான்கால் பெருக்கவேண்டும். ஆனால் கயிற்றில் 10 சென்ரிமீற்றர் தவறினால் முதல் முறையில் விடையில் 20 சென்ரிமீற்றர் தவறும், இரண்டாவதில் 40. சிறிய முக்கோணி வசதியானது, அந்த வசதிக்கு விலை துல்லியம். நில அளவையாளர்கள் முடிந்தவரை பெரிய முக்கோணிகளைத் தேடியதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

காற்பங்கில் அடித்த முளைகளைத் தொடுக்கும் கயிறும் சமாந்தரமா? ஆம், நடுப்புள்ளித் தேற்றத்தை இரண்டு தடவை பயன்படுத்தினால் போதும். எட்டிலொரு பங்கும் அப்படியே. மூன்றிலொரு பங்கு? ஐந்தில் இரண்டு பங்கு? பின்னமாகவே எழுத முடியாத விகிதம்? இவை எல்லாவற்றுக்கும் ஒரே விடை தரும் தேற்றமும் தரம் 11இல் இருக்கிறது: ஒரு கோடு முக்கோணியின் இரண்டு பக்கங்களை ஒரே விகிதத்தில் பிரித்தால் அது மூன்றாம் பக்கத்துக்குச் சமாந்தரம். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தேல்ஸ் தேற்றத்தின் மறுதலை என்று படிப்பது இதைத்தான். நடுப்புள்ளித் தேற்றம் இதன் ஒரு சிறப்பு வகை, விகிதம் ஒன்றுக்கு ஒன்று.

இதற்கு யூக்கிளிட் ஆறாம் புத்தகத்தின் இரண்டாம் கூற்றில் தந்த நிறுவல் எனக்குக் கேத்திரகணிதம் முழுவதிலும் மிகப் பிடித்தவற்றுள் ஒன்று. அவர் கோணத்தைத் தொடுவதேயில்லை, பரப்பளவைத் தொடுகிறார். கச என்ற பக்கத்தில் ப, கத என்ற பக்கத்தில் ம. இம்முறை அவை நடுப்புள்ளிகளாக இருக்கத் தேவையில்லை, கபவுக்கும் பசவுக்கும் உள்ள விகிதமே கமவுக்கும் மதவுக்கும் இருந்தால் போதும். சம, தப என்று இரண்டு குறுக்குக் கோடுகளை இழுங்கள். கபம, பசம என்ற இரண்டு முக்கோணிகளும் மவிலிருந்து பார்த்தால் ஒரே உயரம் கொண்டவை, அடிகள் மட்டும் கபவும் பசவும். ஆகவே அவற்றின் பரப்பளவுகள் அந்த அடிகளின் விகிதத்திலேயே இருக்கும். அதேபோல் கபம, மதப என்ற முக்கோணிகளின் பரப்பளவுகள் கமவுக்கும் மதவுக்கும் உள்ள விகிதத்தில் இருக்கும். இரண்டு விகிதமும் ஒன்றே என்பது தரவு. கபம என்ற ஒரே முக்கோணியோடு ஒப்பிட்டு ஒரே விகிதம் வருவதால், பசம, மதப என்ற இரண்டின் பரப்பளவும் சமம். இந்த இரண்டுக்கும் பம என்ற ஒரே அடி. அடி ஒன்று, பரப்பளவு ஒன்று, ஆகவே உயரமும் ஒன்று. அதாவது ச, த இரண்டும் பம என்ற கோட்டிலிருந்து ஒரே தூரத்தில், ஒரே பக்கத்தில் இருக்கின்றன. சதவும் பமவும் சமாந்தரம்.

ரயில்பாதைப் பணியாளரின் அளவுகோல் இங்கே திரும்ப வந்துவிட்டது, ஆனால் இரண்டு இடங்களில் மட்டும் வைத்துப் பார்த்தால் போதும் என்ற நிலையில். விகிதம் எதுவானாலும், பின்னமாக எழுத முடியாவிட்டாலும், நிறுவலில் ஒரு வரிகூட மாறாது.

பரப்பளவு வழியாகச் சமாந்தரத்தை அறிவது வயல் நிலத்துக்கு மிக இயல்பானது. இரண்டு பேரின் வயல்களுக்கு நடுவே ஒரு வரம்பு வளைந்து போகிறது என்று வைப்போம். வாய்க்கால் ஓரத்தில் சவில் தொடங்கி, மவில் மடங்கி, பாதை ஓரத்தில் தவில் முடிகிறது. மடிப்பு இருந்தால் உழவு இயந்திரம் திரும்பச் சிரமம், இருவரும் வரம்பை நேராக்க விரும்புகிறார்கள், ஆனால் யாருடைய நிலமும் ஒரு சாண்கூடக் குறையக்கூடாது. செய்யவேண்டியது: சதவைக் கயிற்றால் தொடுத்து, அதற்குச் சமாந்தரமாக மவுக்கூடாக ஒரு கோடு இழுத்து, அது பாதையோரத்தை வெட்டும் இடத்தில் வ என்று முளை அடிப்பது. சவிலிருந்து வவுக்கு நேர் வரம்பு போடலாம். சதம, சதவ என்ற முக்கோணிகளுக்கு அடி ஒன்று, உயரமும் ஒன்று. ஆகவே ஒருவர் விட்டுக்கொடுத்த பரப்பு அப்படியே அவருக்குத் திரும்புகிறது. வயலில் பாகைமானி இல்லாமல் மவுக்கூடாகச் சமாந்தரக் கோடு எப்படி இழுப்பது? மசவின் நடுவில் ஒரு முளை. தவிலிருந்து அந்த முளைக்குக் கயிறு பிடித்து, அதே அளவு அப்பால் போய் இன்னொரு முளை. அந்த முளையையும் மவையும் தொடுக்கும் கோடு சதவுக்குச் சமாந்தரம். திரும்பவும் அதே அரைச் சுற்று, கயிறும் மூன்று முளையும் போதும்.

நடுப்புள்ளித் தேற்றம் தனக்குள் மறைத்து வைத்திருக்கும் ஒரு வியப்பையும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. மட்டக்களப்பு மாவட்டப் படமொன்றை விரித்து, செங்கலடி, கரடியனாறு, உன்னிச்சை, வவுணதீவு என்ற நான்கு இடங்களையும் வரிசையாகத் தொடுங்கள். சீரற்ற ஒரு நாற்பக்கல் வரும். நான்கு பக்கங்களின் நடுப்புள்ளிகளையும் குறித்துத் தொடுத்தால், உள்ளே வருவது துல்லியமான இணைகரம். வேறு எந்த நான்கு ஊர்களை எடுத்தாலும் அப்படியே. காரணம் ஒரு மூலைவிட்டம். செங்கலடியையும் உன்னிச்சையையும் தொடுத்தால் நாற்பக்கல் இரண்டு முக்கோணிகளாகப் பிரியும். கரடியனாற்றுப் பக்கத்து முக்கோணியில் நடுப்புள்ளிகளைத் தொடுக்கும் கோடு அந்த மூலைவிட்டத்துக்குச் சமாந்தரம், அதில் பாதி. வவுணதீவுப் பக்கத்து முக்கோணியிலும் அப்படியே. ஒரே கோட்டுக்குச் சமாந்தரமான இரண்டு கோடுகள் ஒன்றுக்கொன்றும் சமாந்தரம். அந்த இணைகரத்தின் பரப்பளவு நாற்பக்கலின் பரப்பளவில் சரிபாதி என்பதையும் பிள்ளைகள் தாமே நிறுவிப் பார்க்கலாம். பிரெஞ்சுக் கணிதர் பியர் வரின்யோனின் இந்தத் தேற்றம் அவர் இறந்த பின் 1731இல் அச்சானது. யூக்கிளிட்டின் காலத்திலிருந்தே எட்டும் தூரத்தில் கிடந்த ஒன்று இவ்வளவு பிந்தி ஏட்டில் ஏறியிருக்கிறது.

இவ்வளவும் தட்டையான தளத்தில் நடப்பவை. பூமி தட்டையல்ல. இலங்கை நில அளவைத் திணைக்களம் 1800இல் தோன்றியது. தீவு முழுவதையும் முக்கோணிகளால் பின்னி அளக்கும் வேலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொடங்கியபோது, தரையில் நேரடியாக அளந்த அடிக்கோடுகள் இரண்டு: மேற்கே நீர்கொழும்புப் பக்கத்தில் ஒன்று, கிழக்கே மட்டக்களப்பில் மற்றது. மற்ற நீளங்கள் கோணங்களை அளந்து கணித்தவை. அவ்வளவு பெரிய முக்கோணிகளில் மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகையைச் சற்றே தாண்டும். முக்கோணியின் பரப்பளவில் ஏறத்தாழ 200 சதுர கிலோமீற்றருக்கு ஒரு விகலை வீதம் கூடும். ஒரு பாகையில் 3,600 விகலைகள் உண்டு என்பதால் வயலில் இது தெரியாது, தீவை அளப்பவருக்குத் தெரியும்.

பெரிய முக்கோணிக்குப் போனால் நம் தேற்றம் என்ன ஆகிறது என்று பார்க்கலாம். வட துருவம் ஓர் உச்சி. செங்கலடிக்கூடாகப் போகும் நெடுங்கோடு பூமத்திய கோட்டைத் தொடும் இடம் இரண்டாவது. அங்கிருந்து பூமத்திய கோட்டோடு மேற்கே 90 பாகை போனால் வரும், அத்திலாந்திக் கடலில் உள்ள இடம் மூன்றாவது. மூன்று பக்கங்களும் ஏறத்தாழ 10,000 கிலோமீற்றர். துருவத்திலிருந்து வரும் இரண்டு பக்கங்களின் நடுப்புள்ளிகளில் ஒன்று கசகஸ்தானின் கிழக்கெல்லைப் பக்கம் விழும், மற்றது ஸ்பெயினுக்கு வடக்கே கடலில். இரண்டுக்கும் இடையே மிகக் குறுகிய பாதை, தேற்றத்தின்படி, 5,000 கிலோமீற்றர் இருக்கவேண்டும். உண்மையில் ஏறத்தாழ 6,670 கிலோமீற்றர். அந்தப் பாதையை அதே நேரில் நீட்டிக்கொண்டு போனால் பூமத்திய கோட்டையும் வெட்டும், ஒரு தடவையல்ல, பூமியின் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு தடவை. அரைச் சுற்று நிறுவலில் "இரண்டு நேர்கோடுகள் இரண்டு இடங்களில் வெட்ட முடியாது" என்று சொன்னோமே, கோளத்தில் உடைவது அந்த வரிதான். உடைந்ததும் சமாந்தரமே இல்லாமல் போகிறது.

மறுபுறமாகவும் ஓர் உலகம் உண்டு. யூக்கிளிட்டின் ஐந்தாம் எடுகோளைத் தற்காலத்தில் பெரும்பாலும் ஜோன் பிளேஃபேர் 1795இல் பரப்பிய வடிவில் படிக்கிறோம்: ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளிக்கூடாக அதற்கு ஒரேயொரு சமாந்தரக் கோடுதான் வரையலாம். இதை மற்ற எடுகோள்களிலிருந்து நிறுவிவிட முயன்று தோற்றவர்கள் பலர். உமர் கய்யாமும், அவருக்குப் பல நூற்றாண்டுகள் பின்னர் 1733இல் இத்தாலியப் பாதிரியார் சக்கேரியும் இதற்காக ஒரே வகை நாற்பக்கலை ஆராய்ந்தார்கள்: ஓர் அடிக்கோட்டின் இரண்டு முனைகளிலும் சம உயரத்தில் இரண்டு செங்குத்துகள், மேலே ஒரு மூடி. 1829இல் லொபசேவ்ஸ்கியும் 1832இல் போல்யாயும், ஐந்தாம் எடுகோளை விட்டுவிட்டுப் பல சமாந்தரங்களை அனுமதிக்கும் கேத்திரகணிதத்தை அச்சில் தந்தார்கள்.

அந்த உலகில் நடுப்புள்ளித் தேற்றத்தின் கதி என்ன? கசத என்ற முக்கோணிக்குத் திரும்புவோம். ப, ம என்ற நடுப்புள்ளிகளுக்கூடாக நீண்ட கோடொன்று வரைந்து, க, ச, த மூன்றிலிருந்தும் அதற்குச் செங்குத்துகள் இறக்குங்கள். கவின் செங்குத்தும் சவின் செங்குத்தும் பவின் இரு பக்கமும் இரண்டு செங்கோண முக்கோணிகளை ஆக்குகின்றன. பவில் குத்தெதிர்க் கோணங்கள், கபவும் பசவும் சமம், ஆகவே அவை ஒருங்கிசைகின்றன, செங்குத்துகள் சமம். மவிலும் இப்படியே. ஆகவே ச, த இரண்டும் அந்தக் கோட்டிலிருந்து ஒரே தூரம். இந்த நிறுவலில் ஐந்தாம் எடுகோள் எங்கும் வரவில்லை. ச, த, அவற்றின் இரண்டு செங்குத்தடிகள் ஆகிய நான்கும் சேர்ந்து ஆக்குவது சக்கேரி பார்த்த அதே நாற்பக்கல். அதன் அடியும் மூடியும் லொபசேவ்ஸ்கியின் உலகிலும் சந்திப்பதில்லை. ஆகவே சமாந்தரம் அங்கேயும் நிற்கிறது. செங்குத்தடிகளுக்கு இடையே உள்ள தூரம் பமவின் இரு மடங்கு என்பதும் நிற்கிறது. ஆனால் அந்த உலகில் மூடி அடியைவிட நீளமானது. ஆகவே பம என்பது சதவின் பாதியைவிடக் குறைவு.

நம் பிள்ளைகள் ஒரே மூச்சில் ஒப்பிக்கும் வரியில் இரண்டு தனி உண்மைகள் இருக்கின்றன. சமாந்தரம் என்ற பாதிக்கு ஐந்தாம் எடுகோள் தேவையில்லை. அரைவாசி என்ற பாதிக்கு அது கட்டாயம் தேவை. வழக்கமான பள்ளி நிறுவலில் அது எந்த வரியில் உள்ளே வந்தது என்று தேடினால் அகப்படும்: ஒரு சோடி எதிர்ப்பக்கங்கள் சமமாகவும் சமாந்தரமாகவும் இருப்பதால் பசதவ இணைகரம் என்று எழுதினோமே, அந்த வரியில். அதற்கு ஆதாரமான கூற்று சமாந்தரத்திலிருந்து கோணத்துக்குப் போகும் முதற்பயணத்தைப் பயன்படுத்துகிறது, யூக்கிளிட் முதற் புத்தகத்தின் 29ஆம் கூற்றில் ஐந்தாம் எடுகோளை முதன்முதலாகக் கையில் எடுத்ததும் அந்தப் பயணத்துக்காகத்தான்.